லெனின்கிராட்டிலிருந்து ஒரு பட அட்டை

என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அட்டை. முன்பக்கம் வண்ணப்படம்: பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் வெண்கலக் குதிரை, அதன்மேல் கை நீட்டியபடி ஓர் அரசன், குளம்படியில் மிதிபடும் பாம்பு, எல்லாவற்றையும் தாங்கி அலைபோல் எழுந்த பெரும்பாறை. பின்பக்கம் கீழோரத்தில் பொடி எழுத்தில் ருஷ்ய மொழியில் ஒரு வரி: லெனின்கிராட், முதலாம் பீட்டர் நினைவுச் சின்னம். வலது பாதியில் நீல மையில், ஆங்கில எழுத்தில் தாத்தாவின் பெயர், சாலை பஜார், ட்ரிவான்ட்ரம், 695 என்று தொடங்கும் பின்கோடு. இந்தியா என்பது மட்டும் ருஷ்ய எழுத்தில், அதற்கடியில் இரண்டு கோடு. இடது பாதி முழுக்க சித்தப்பாவின் தமிழ். இடம் போதாமல் கடைசி வரிகள் ஓரத்தில் திரும்பி மேலே ஏறி, தபால்தலையின் காலடிவரை போயிருக்கின்றன.

தேதி 27-8-1991.

அது புறப்பட்ட அன்று அந்த ஊருக்குப் பெயர் லெனின்கிராட். செப்டம்பர் 6-ம் தேதி, அட்டை எங்கோ ஒரு தபால் பைக்குள் கிடந்தபோது, ஊர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகிவிட்டது. சேர வேண்டிய ஊரும் அதே 1991-ல்தான் ட்ரிவான்ட்ரம் என்பதை விட்டு, ஆங்கிலத்திலும் திருவனந்தபுரம் என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறியது. தபால்தலையில் அச்சாகியிருந்த சோவியத் நாடு அந்த டிசம்பரோடு முடிந்தது. மூன்று பெயரும் மாறிய அந்த வருடத்திலும் அட்டை வந்து சேர்ந்தது. 28 வருடம் கழித்து ஒருமுறை புறப்பட்ட ஊருக்கே போய்த் திரும்பியும் வந்தது.

சித்தப்பா பொறியியல் படிக்க ருஷ்யாவுக்குப் போனது 1987-ல். அன்றைய திருவனந்தபுரத்தில் அது பெரிய விசித்திரம் இல்லை. வான்றோஸ் ஜங்ஷனில் சோவியத் பண்பாட்டு மையம் இருந்தது. தும்பாவிலிருந்து வாராவாரம் சோவியத்தின் எம்-100 ராக்கெட் வானிலை அளக்க மேலே போய்க்கொண்டிருந்தது. மாஸ்கோவில் அச்சான தமிழ், மலையாளப் புத்தகங்கள் சொற்ப விலைக்குக் கிடைத்தன. சித்தப்பாவை ருஷ்யாவுக்குக் கொண்டுபோனது உண்மையில் அப்படி வாங்கிய ஒரு புத்தகம்தான்: பெரெல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’. நாகர்கோவிலிலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு மொத்தக்கடை வைத்த குடும்பம் எங்களுடையது. மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்து அதை அவர் படித்ததாக ஆச்சி சொல்வாள்.

அவர் தங்கியிருந்த விடுதி வாசலில், சாவிகள் தொங்கும் பலகைக்கு முன்னால் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். பையன்கள் எல்லோருக்கும் அவர் ‘பாபுஷ்கா’. வெளியே போகும்போது சாவியைக் கொடுக்க வேண்டும், வந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். காதை மூடாமல் பனியில் இறங்குகிறவனைக் கத்திக் கூப்பிட்டுத் திட்டுவார். விசேஷ நாட்களில் கறுப்புக் கோட்டில் ஒரே ஒரு பதக்கம் குத்தியிருப்பார். ‘லெனின்கிராட் பாதுகாப்புக்காக’ என்று பெயர் உள்ள பதக்கம் அது. 1942 கடைசியில் ஏற்படுத்தி, முற்றுகையில் நகரைக் காத்தவர்களுக்குக் கொடுத்தார்கள்.

1991 ஜூன் 12-ம் தேதி, ருஷ்யாவின் அதிபர் தேர்தலோடு சேர்த்து நகர மக்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள்: நம் ஊருக்குப் பழைய பெயரைத் திரும்பக் கொடுக்கலாமா? சுமார் 54 சதவீதம் பேர் கொடுக்கலாம் என்றார்கள். மீதிப் பேரில் ஒருவர் பாபுஷ்கா. கொடுக்கலாம் என்றவர்களில் ஒருவன் அவருடைய மகன்.

மகன் சொன்னதில் நியாயம் இருந்தது. 1703-ல் பீட்டர் கட்டிய ஊர். 1914-ல் ஜெர்மனியோடு யுத்தம் வந்ததும், பெயரில் ஜெர்மன் வாடை அடிக்கிறது என்று பெட்ரோகிராட் ஆக்கினார்கள். 1924 ஜனவரியில் லெனின் இறந்து ஐந்தாம் நாளே லெனின்கிராட் ஆக்கினார்கள். இரண்டு தடவையும் ஊராரிடம் ஓட்டுக் கேட்கவில்லை. முதல்முறையாக இப்போதுதான் கேட்கிறார்கள், கேட்டதற்கு நான் பதில் சொன்னேன் என்றான் அவன்.

பாபுஷ்கா வாதாடவில்லை. தான் சிறுமியாக இருந்ததைச் சொன்னார். 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை, 872 நாள் ஜெர்மானியப் படை அந்த ஊரைச் சூழ்ந்திருந்தது. முதல் குளிர்காலத்தில், நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும், பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டி. அதிலும் மாவு பாதி, மற்றதெல்லாம் பாதி. அவருடைய அம்மா 1942-ல் போனார். எந்தக் குழி என்று தெரியாது. “என் அம்மா பீட்டர்ஸ்பர்க்கில் சாகவில்லை, லெனின்கிராட்டில் செத்தாள்” என்று அவர் சொன்னதாக சித்தப்பா அட்டையில் எழுதியிருக்கிறார். லெனின் என்ற மனிதரைப் பற்றிப் பாபுஷ்கா ஒரு வார்த்தையும் பேசவில்லையாம்.

அட்டையின் வாசகம் அவ்வளவுதான். முதல் இரண்டு வரி, வீட்டைச் சமாதானப்படுத்த: மாஸ்கோவில் கலவரம் என்று பேப்பரில் பார்த்திருப்பீர்கள், இங்கே வீதிக்கு டாங்கி எதுவும் வரவில்லை, கவலை வேண்டாம். பிறகு பாபுஷ்காவின் கதை. ஓரத்தில் ஏறும் வரி: நான் இங்கே இருக்கும்வரை அனுப்புநர் முகவரியில் லெனின்கிராட் என்றே எழுதச் சொல்லியிருக்கிறார், அப்படியே எழுதப் போகிறேன், நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

விடுதிக்குப் பக்கத்து நீலத் தபால்பெட்டியில் விழுந்த அட்டை மாஸ்கோ வழியாகப் பறந்து, இந்தியாவின் அயல்நாட்டுத் தபால் அலுவலகம் ஒன்றில் இறங்கி, ரயிலில் தெற்கே வந்தது. பைக்குள் அது எத்தனை நாள் கிடந்தது என்று முத்திரைகள் சொல்லவில்லை. ஆனால் அது வழி தவறாமல் வந்ததற்கு ஒரு காரணம் எனக்குத் தெரியும். இரண்டு நாட்டிலும் ஊர்களுக்கு ஆறு இலக்க எண் உண்டு. சோவியத்தில் 1971-ல் வந்தது, இங்கே 1972 ஆகஸ்ட் 15-ல். லெனின்கிராட்டின் எண்கள் 19-ல் தொடங்கும், பீட்டர்ஸ்பர்க்கின் எண்களும் 19-ல்தான் தொடங்குகின்றன. ட்ரிவான்ட்ரத்துக்கு 695, திருவனந்தபுரத்துக்கும் 695. பெயர்ப்பலகையை யார் மாற்றினாலும் தபால் பிரிக்கிறவர் கை அந்த எண்ணைப் பார்த்துத்தான் போகிறது. தம்பானூரில் ரயிலடித் தபாலைக் கையாளும் ஆர்.எம்.எஸ். பிரிவுக்கு இன்றைக்கும் ‘டி.வி. டிவிஷன்’ என்றே பெயர். ட்ரிவான்ட்ரத்தின் அந்த இரண்டு எழுத்தை யாரும் தொடவில்லை.

அக்டோபரில், நவராத்திரிக்கு முதல் நாள் அட்டை வந்தது. எனக்கு அப்போது பத்து வயது. பத்மநாபபுரம் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகக் கரமனை தாண்டிக் கோட்டைக்குள் வரும் நாள் அது. தெருவெல்லாம் விளக்கும் பழமும் வைத்துக் காத்திருந்தார்கள். தபால்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்து, “ருஷ்யாவிலிருந்து படம் வந்திருக்கு” என்று தாத்தாவின் கையில் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் அவரே அதை நன்றாகப் பார்த்து ரசித்திருந்தார், முகத்திலேயே தெரிந்தது.

தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். 125 கிராம் என்ற இடத்தில் நிறுத்தினார். திரும்ப ஒருமுறை படித்தார். பிறகு கடைப்பையனிடம் சில்லறை கொடுத்து, டீக்கடையிலிருந்து ஒரு ரொட்டி வாங்கிவரச் சொன்னார். தராசின் ஒரு தட்டில் நூறு, இருபது, ஐந்து என்று மூன்று படிக்கல்லை வைத்தார். மறுதட்டில் ரொட்டியை வைத்து, வெற்றிலைக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, முள் நேராக நிற்கும்வரை எடுத்தார். மூன்று விரல் தடிமனில் ஒரு துண்டு தட்டில் மிஞ்சியது. அதை என் கையில் வைத்து, “ஒரு நாளைக்கு மக்களே, விடிஞ்சு அடையற வரைக்கும்” என்றார். கடையில் இருந்த சுமை தூக்குகிறவர்கள் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் துண்டை நான் தின்றேனா, தாத்தா திரும்ப வாங்கிக்கொண்டாரா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

இதற்கிடையே கடைக்கு வேறொரு வேலை வந்திருந்தது. கடைப் பலகையில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று மூன்று வரி. முதல் இரண்டிலும் திருவனந்தபுரம் என்று தொடக்கத்திலிருந்தே இருந்தது, மூன்றாவது வரியை மட்டும் மாற்ற வேண்டும். பெயிண்டர் வந்து அளந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். ட்ரிவான்ட்ரத்துக்கு ஆங்கிலத்தில் பத்து எழுத்து, புதுப் பெயருக்குப் பதினெட்டு. அதே இடத்தில் அடைக்க எழுத்தை ஒல்லியாக்கி, கடைசி இரண்டை ஒன்றோடொன்று ஒட்டி வரைந்தார்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் வங்கியில் இருந்தார். லெட்ஜர், டிராப்ட், தந்தி எல்லாவற்றிலும் ட்ரிவான்ட்ரம் என்று எழுதிப் பழகிய கை. “பம்பாய்க்காரன் வாயில் நுழையாது, எழுத்துப் பிழை வரும், பணம் வழி தப்பும்” என்பார். தாத்தாவோ, “நம்ம வாயில எப்போடே ட்ரிவான்ட்ரம்னு வந்துது? தமிழ்ல எழுதும்போது ஒரு நாளாவது நீ அப்படி எழுதினியா?” என்று கேட்டார்.

தாத்தா கேட்டது சரியான கேள்வி. கொல்லத்தைக் குய்லான் என்றோ, கோழிக்கோட்டைக் காலிகட் என்றோ, பாலக்காட்டைப் பால்காட் என்றோ தமிழில் யாரும் எழுதியதில்லை. நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் ஒரு பதிகம் முழுக்க அனந்தபுரத்தைப் பாடி ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. நீல. பத்மநாபன் இந்த ஊரை வைத்து எழுதிய நாவலுக்குப் ‘பள்ளிகொண்டபுரம்’ என்று பெயர் வைத்தார், எந்த ஊர் என்று தமிழ் வாசகர் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் கடைத்தெருவிலேயே கடை வைத்துக்கொண்டு கதை எழுதிய ஆ. மாதவனுக்கு அது சாலைத் தெரு. அந்தச் சாலை என்ற சொல்லுக்குப் பின்னால் காந்தளூர்ச் சாலை என்று ராஜராஜன் கல்வெட்டுகள் சொல்லும் பெயர் நிற்கிறது. ஆகவே 1991-ல் தமிழனுக்கும் மலையாளிக்கும் எதுவும் மாறவில்லை. ஆங்கிலம் மட்டும் நம் பேச்சுக்கு இணங்கியது. அந்த மாற்றம் எனக்கு அன்றும் இன்றும் முழுச் சம்மதம்.

ஆனாலும் ட்ரிவான்ட்ரத்தை வெறும் வெள்ளைக்காரன் பெயர் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. இந்த ஊர்க்காரர்கள் அவசரத்தில் பேசுவதைக் கேளுங்கள். திருவனந்தபுரம் என்று ஒன்பது எழுத்தும் முழுதாகச் சொல்பவர் யார்? ‘திரோந்தரம்’ என்று மீன் விற்கிற அம்மாவும் சொல்வாள், பஸ் கண்டக்டரும் சொல்வார். திரோந்தரம், ட்ரிவான்ட்ரம் இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். துரை காதில் விழுந்தது ஏட்டில் இருந்த பெயர் இல்லை, தெருவில் இருந்த பெயர் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் அந்தப் பத்து எழுத்துக்குள் நம் ஊர்ச் சந்தையின் சத்தமும் கொஞ்சம் இருக்கிறது.

ஊரே தானாகப் பெயரை உதிர்த்த இடமும் இங்கே உண்டு. தலைமைச் செயலகத்துக்கு எதிரே நிற்பது கும்பகோணத்தில் பிறந்து 1872 வரை திருவிதாங்கூரின் திவானாக இருந்த மாதவராவின் சிலை. அந்த இடத்துக்கு ஊரார் வைத்த பெயர் ‘ஸ்டாச்யூ’. யாருடைய சிலை என்பது பேச்சில் தேய்ந்து போய், சிலை என்பது மட்டும் நிறுத்தத்தின் பெயராக நின்றுவிட்டது.

அட்டை பிறகு நீண்ட காலம் தூங்கியது. சித்தப்பா 1993-ல் படிப்பு முடித்துத் திரும்பிவந்தார். அதுவரை அவர் எழுதிய எல்லாக் கடிதத்திலும் அனுப்புநர் ஊர் லெனின்கிராட்தான், நாங்கள் அந்தப் பெயருக்கு எழுதிய பதில்களும் ஒன்றுகூடத் தவறாமல் போய்ச் சேர்ந்தன. பட அட்டையை நான் ‘பொழுதுபோக்கு பௌதிக’த்தில் பக்க அடையாளமாக வைத்துக்கொண்டேன். ஓடும் ரயிலிலிருந்து குதிப்பது எப்படி, எறும்பு ஏன் இரையை நாலா பக்கமும் இழுக்கிறது என்று அதில் படித்தபடி, நடுவில் குதிரைவீரனைப் பார்த்துக்கொள்வேன். புத்தகத்தை எழுதியவரும் அட்டை வந்த ஊரும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்று தெரியாமலேயே கல்லூரிவரை வந்துவிட்டேன். யாகோவ் பெரெல்மான் 1942 மார்ச்சில், முற்றுகைக்குள், அதே லெனின்கிராட்டில் பட்டினியால் இறந்தார்.

2019-ல் இரண்டு விஷயம் சேர்ந்து வந்தன. ஆகஸ்டில் எங்கள் ஊரின் விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலுக்கு, ஒடுக்கப்பட்டவர்களுக்காகப் போராடிய தலைவரின் பெயரில், மகாத்மா அய்யன்காளி ஹால் என்று அரசு பெயர் சூட்டியது. 1896-ல் விக்டோரியா மகாராணியின் ஆட்சி விழாவுக்காகக் கட்டிய மண்டபம். கல்யாணம், கண்காட்சி, இலக்கியக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஊரார் வாயில் அது வி.ஜே.டி. ஹால். அப்பா வருத்தப்பட்டார். பழைய கட்டடத்துக்குப் பழைய பெயரும் ஒரு தூண்தான், அதை உருவக்கூடாது, அய்யன்காளி பெயரில் புதிதாக இதைவிடப் பெரிதாக ஒன்று கட்டட்டும் என்றார். அப்பாவின் நண்பர்கள் பலரும் அப்படித்தான் பேசினார்கள். அவர்களில் யாருக்கும் அய்யன்காளிமேல் துவேஷம் கிடையாது.

நான் ஆச்சரியப்பட்டது சித்தப்பாவைப் பார்த்து. லெனின்கிராட்டை விட்டுக்கொடுக்காத மனிதர், இதற்கு அப்பா பக்கம் நிற்பார் என்று நினைத்திருந்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “விக்டோரியா அந்த ஹால்ல ஒரு நாள் வந்து உட்கார்ந்தாளா அண்ணா? அய்யன்காளி உட்கார்ந்தாரு. 1912-ல ஸ்ரீமூலம் பிரஜா சபையில எழுந்து நின்னு, எங்க ஜனங்களுக்கு நிலம் வேணும்னு கேட்டது அந்தக் கூரைக்குக் கீழேதான். அதுக்கு முன்னால அவரு வில்லுவண்டியில ரோட்டுல போனதுக்கே அடிக்க வந்தாங்க. அந்தப் பெயரு அந்தக் கட்டடத்துக்கு வெளியிலருந்து வரல்ல, உள்ள இருந்ததுதான்.” அப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆட்டோக்காரனிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் கேட்டார். வி.ஜே.டி. என்றே சொல்லுங்கள், கொண்டுபோய் விடுவான் என்றார் சித்தப்பா.

இரண்டாவது விஷயம், அக்டோபர் முதல் தேதியிலிருந்து ருஷ்யா கொடுக்கத் தொடங்கிய மின்விசா. அப்போது அது இந்தியர்களுக்கும் கிடைத்தது, கட்டணம் இல்லாமல், எட்டு நாள்வரை தங்க. அது செல்லுபடியான இடம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரமும் லெனின்கிராட் மாகாணமும். நகரம் பெயரை மாற்றிக்கொண்டாலும் அதைச் சுற்றியுள்ள மாகாணம் மாற்றிக்கொள்ளவில்லை. மாஸ்கோவில் அங்கே போக ரயில் ஏறும் நிலையத்துக்கும் இன்றுவரை லெனின்கிராட் நிலையம் என்றுதான் பெயர். சித்தப்பாவுக்கு முட்டுவலி, வரமாட்டேன் என்றார். ஆனால் அட்டையை என்னிடம் எடுத்துக் கொடுத்து, “இதைக் கொண்டு போ மக்களே” என்றார். இரண்டு வேலையும் சொன்னார். ஒன்று, அங்கிருந்து ஒரு பட அட்டை போட வேண்டும். இன்னொன்று, பிஸ்கர்யோவ்கா இடுகாட்டில் ரொட்டி வைக்க வேண்டும், 125 கிராம்.

விமான நிலையத்தில் பெட்டிக்குச் சீட்டு ஒட்டினார்கள். மூன்று பெயர், மூன்று மூன்று எழுத்து: டி.ஆர்.வி., டி.எக்ஸ்.பி., எல்.இ.டி. நடுவிலிருப்பது துபாய். முதலாவது ட்ரிவான்ட்ரம், கடைசி லெனின்கிராட். கையில் இருந்த 1991 அட்டையில் உள்ள அதே இரண்டு ஊர், திசை மட்டும் எதிர். எந்த அரசும் எந்த ஓட்டெடுப்பும் அந்தச் சீட்டைத் தொடவில்லை. சென்னைக்கு இன்றும் எம்.ஏ.ஏ., மும்பைக்கு பி.ஓ.எம்., ஹோசிமின் நகருக்கு எஸ்.ஜி.என். சீட்டைப் படம் எடுத்து சித்தப்பாவுக்கு அனுப்பினேன்.

அங்கே மழையும் குளிருமாக இருந்தது, நாலரை மணிக்கெல்லாம் வெளிச்சம் மங்கியது. குதிரைவீரன் முன்னால் நின்று அட்டையை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு மயிரிழைகூட மாறவில்லை. முற்றுகையின்போது அந்தச் சிலையை இடிக்காமலும் இறக்காமலும் மணல்மூட்டையும் பலகையும் அடுக்கி மூடிக் காப்பாற்றியிருக்கிறார்கள். நெவ்ஸ்கி பெருவீதிக்கும் ஒரு கதை உண்டு. புரட்சிக்குப் பிறகு அதை ‘அக்டோபர் 25 வீதி’ ஆக்கினார்கள், ஊரார் வாயில் அது ஏறவில்லை. 1944 ஜனவரியில், முற்றுகை முழுதாக உடைவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, நகர நிர்வாகமே அந்த வீதிக்கும் அரண்மனைச் சதுக்கத்துக்கும் இன்னும் சில இடங்களுக்கும் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தது. குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரில் உட்கார்ந்து தெருப்பெயரைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். பட்டினி கிடந்தவர்களுக்கு ஊர் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள அது தேவையாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஒரு ரொட்டிக்கடைக்குப் போனேன். கறுப்பு ரொட்டி, 125 கிராம் என்று போனில் எழுதிக் காட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. அந்த ஊரில் அந்த எண்ணுக்கு விளக்கம் வேண்டியதில்லை. மின்தராசில் வைத்து, அறுத்து, மீண்டும் வைத்து, ஒரு சின்ன ஓரத்தை எடுத்துவிட்டுக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். காசு வாங்க மாட்டேன் என்றாள்.

பிஸ்கர்யோவ்கா நினைவு இடுகாட்டில் ஏறக்குறைய 5 லட்சம் பேர் இருக்கிறார்கள். நீளமான புல்மேடுகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கருங்கல். கல்லில் பெயர் கிடையாது. வருடம் மட்டும். பொதுமக்கள் என்றால் அரிவாள் சுத்தியல், சிப்பாய்கள் என்றால் நட்சத்திரம். 1942, 1942, 1942 என்று கண்ணுக்கு எட்டியவரை அந்த எண்தான். பாபுஷ்கா ஏன் அப்படி ஓட்டுப் போட்டார் என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் உடம்பில் ஏறியது. அந்த மேட்டுக்குள் கிடக்கிறவர்களுக்குத் தனித்தனிப் பெயர் இல்லை. அவர்களுக்கென்று மிஞ்சியிருந்த ஒரே பெயர் ஊரின் பெயர், அதையும் எடுத்துவிட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மகனும் தப்புச் செய்யவில்லை. உயிரோடு இருப்பவர்கள் தாங்கள் வாழும் ஊருக்குப் பெயர் வைக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு பெயரைத் தாங்கிக்கொண்டு கஷ்டப்பட்டவர்களுக்கு அதன்மேல் இருக்கும் பாத்தியதை, அதைச் சூட்டியவருக்குக்கூட இல்லை என்பது என் கட்சி. பாபுஷ்காவுக்கு லெனின்கிராட்மேல் அது இருந்தது. அய்யன்காளிக்கு அந்த ஹால்மேல் இருந்தது, விக்டோரியாவுக்கு இல்லை.

இதே காரணத்துக்காகத்தான் 2024-ல் எங்கள் ஊரில் நடந்தது எனக்கு ஆறவில்லை. கொச்சுவேளி ரயில் நிலையம் திருவனந்தபுரம் வடக்கு ஆயிற்று, நேமம் திருவனந்தபுரம் தெற்கு ஆயிற்று. வெளியூர்க்காரர்களுக்குக் கொச்சுவேளி என்றால் எங்கே என்று தெரியவில்லை, அங்கே வரும் ரயிலில் ஏற மாட்டேன் என்கிறார்கள் என்பது காரணம். பயணிக்கு வசதிதான், மறுக்கவில்லை. அப்பாகூட நல்ல வேலை என்றார். ஆனால் கொச்சுவேளி கடலோரத்து மீனவர்களின் ஊர். அந்தப் பெயரில் பிறந்து அந்தப் பெயரில் கடலுக்குப் போனவர்கள் இருக்கும் இடத்துக்கு ஒரு திசையைப் பெயராக வைப்பது எனக்கு வலிக்கிறது. பலகையில் ஓரமாகவாவது அந்தப் பெயருக்கு ஒரு வரி கொடுத்திருக்கலாம். எங்கள் பெயிண்டர் பதினெட்டு எழுத்தையே அடைத்தவர்.

இடுகாட்டில் கற்களின் முன்னால் ரொட்டித் துண்டுகளும் மிட்டாயும் ஏற்கனவே இருந்தன. அந்த ஊர் வழக்கம். 1942 என்று போட்ட ஒரு கல்லின் முன்னால் காகிதத்தைப் பிரித்து வைத்தேன். பாபுஷ்காவின் அம்மா அந்த மேட்டில்தான் இருக்கிறாரா என்று தெரியாது. பெரெல்மானையும் நினைத்துக்கொண்டேன்.

பிறகு தலைமைத் தபால் அலுவலகம். பெரிய கண்ணாடிக் கூரைக்குக் கீழே வரிசையாகக் கவுண்டர்கள். புது அட்டை ஒன்று வாங்கினேன், அதே குதிரைவீரன், அடியில் சாங்க்ட் பீட்டர்புர்க் என்று அச்சு. தபால்தலை ஒட்ட வந்த பெண்மணியிடம் பழைய அட்டையைக் காட்டினேன். ஐம்பது வயதிருக்கும். சோவியத் தபால்தலையை விரலால் தடவிவிட்டு, பக்கத்துக் கவுண்டர்காரியையும் கூப்பிட்டுக் காட்டினாள். போன் மொழிபெயர்த்துச் சொன்னது: “எனக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் லெனின்கிராட், என் மகளுக்குப் பீட்டர்ஸ்பர்க். இரண்டு பேரும் பிறந்தது ஒரே ஆஸ்பத்திரி.” நீங்கள் ஊரை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே “பீத்தர்” என்றாள். அவர்களுக்கும் ஒரு திரோந்தரம் இருக்கிறது.

புது அட்டையில் தமிழில் எழுதினேன், ஓரத்தில் ஏறும்வரை. விலாசத்தில் சித்தப்பா சொல்லியனுப்பியபடி ட்ரிவான்ட்ரம் என்று ஆங்கிலத்தில், அதற்கு மேலே என் திருப்திக்குத் திருவனந்தபுரம் என்று தமிழில், பின்னால் 695.

நான் ஊர் திரும்பி ஆறு வாரம் ஆகிவிட்டது. வராது என்று விட்டுவிட்டோம். டிசம்பரில் ஒரு மத்தியானம், ஸ்கூட்டரில் வரும் தபால்காரப் பெண் அதைக் கொண்டுவந்து சித்தப்பா கையில் கொடுத்தாள். அவர் வாசல் வெளிச்சத்துக்குப் போய், முத்திரையிலிருந்த ருஷ்ய எழுத்தை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். சாங்க்ட், பீட்டர், புர்க். எழுத்து மறக்கவில்லை. பிறகு நான் எழுதியதைப் படித்தார். ரொட்டி என்ற இடம் வந்ததும் தலையை நிமிர்த்தினார்.

“நிறுத்து வாங்கினியா, கண் அளவா?”

“நிறுத்துத்தான், சித்தப்பா.”